தண்ணீர்ப் பந்தலில் யாருடைய பெயர்?

நாயன்மார்களில் ஒருவரான அப்பூதி அடிகள் திங்களூரில் தண்ணீர்ப் பந்தல் அமைத்தபோது, தாம் கண்ணால் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரையே அதற்குச் சூட்டினார். பிள்ளைகளுக்கும் பசுக்களுக்கும் அதே பெயர். வீட்டில் இருந்த அளவைகளையும் தராசையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவின் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனிடம் போகும் வழியில் இன்று தாகசாந்திப் பந்தல்களுக்குக் குறைவில்லை. மோரும் சர்பத்தும் தாராளமாகவே கிடைக்கின்றன. ஆனால் மோர்ப் பானையைவிடப் பதாகை பெரிது. அதில் கொடுத்தவரின் படம், கைபேசி இலக்கம், சிலவேளை கட்சிச் சின்னமும் உண்டு. வெயிலில் நடந்து வருகிறவர் மோரைக் குடித்து முடிக்கும்வரை ஒலிபெருக்கி அந்தப் பெயரை ஓதிக்கொண்டே இருக்கிறது. அம்மனின் பெயர் அதற்கு அடுத்தபடிதான்.

பெயர் பொறிப்பதெல்லாம் தவறு என்று நான் சொல்லவில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு கூரையில்லாமல் கிடந்த எத்தனையோ கோயில்கள் புலம்பெயர்ந்த உறவுகளின் பணத்தால்தான் எழுந்தன. சில கோயில்களின் சுவரில் 'ஞாபகார்த்தமாக' என்று ஒரு பிள்ளையின் பெயர் இருக்கும். எரிக்கவோ புதைக்கவோ உடல் கிடைக்காத தாய்க்கு, அந்தப் பெயரைத் தொட்டுப் பார்க்க வேறு இடமில்லை. அந்தக் கல்லின்மேல் யாரும் கை வைக்க வேண்டாம். நான் கேட்பது, மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் தம் பெயரை எழுதுவித்தவர்களைப் பற்றி.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. பணிவு, தொண்டு என்று மேடையில் பேசுகிறோமே, அதை யாரிடம் எதிர்பார்க்கிறோம்? 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் குடியேறிய குடும்பங்கள் பல. எனக்குத் தெரிந்த சில கோயில்களில் சிரமதானம் என்றால் முதல் அழைப்பு அவர்களுக்குத்தான் போகிறது. புல் செதுக்குவதும் கிடாரம் கழுவுவதும் எச்சில் இலை அள்ளுவதும் அவர்கள் பிள்ளைகள். நிர்வாக சபைத் தெரிவு வந்தால் மட்டும் அவர்கள் 'புதிதாக வந்த ஆட்கள்' ஆகிவிடுகிறார்கள். நாற்பது வருடங்களுக்கு மேலாகியும் புதியவர்கள்! கோயில் மரியாதையான காளாஞ்சியை வாங்கும் வரிசையிலும் அவர்களைக் காண முடியாது.

திருநாவுக்கரசர் சமணத்தில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமையில் இருந்தவர். அப்படிப்பட்டவர் உழவாரத்தைக் கையில் எடுத்துக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார் என்பதால்தான் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வேறு வழியில்லாதவனைக் குனிய வைத்துவிட்டு அதற்கும் தொண்டு என்று பெயரிடுவது வசதியான ஏற்பாடு, அவ்வளவுதான்.

அன்னதானத்தன்று தலைவரும் செயலாளரும் முதல் அகப்பைச் சோற்றை இலையில் போடுவார்கள். படம் எடுத்து முடிந்ததும் அகப்பை கைமாறிவிடும். அடிப்பிடித்த கிடாரத்தைச் சாம்பலும் தென்னந்தும்பும் போட்டு மாலைவரை தேய்க்கிறவர்களை எந்தக் கைபேசியும் தேடிப் போவதில்லை.

எங்கள் கோயில் பொதுக்கூட்டம் விரைவில் வருகிறது. ஒரு திருவிழாக் காலம் முழுவதும் மடைப்பள்ளிக்குப் பின்னால் நின்று கிடாரம் கழுவியவரே நிர்வாக சபைக்குப் போட்டியிடலாம் என்று கோயிலின் நிர்வாக விதிகளான யாப்பில் ஒரு வரி சேர்க்கும்படி பிரேரிக்கப் போகிறேன். ஆமோதிக்க ஒருவர் வேண்டும். உள்ளூரில் இருக்கிறவர்கள் யாராவது கை உயர்த்துவீர்களா?