படுவான்கரையில் மூன்று இரவுகளும் ஒரு கணக்கும்

கடந்த ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் நானும் மனைவியும் பிள்ளைகள் இருவரும் என் தாயாருமாக ஐந்து பேர், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கத்தில் ஒரு விவசாயியின் வீட்டில் மூன்று இரவுகள் தங்கியிருந்தோம். படங்களைப் பார்த்த உறவினர்கள் கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் அந்த வீட்டின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டபடி இருக்கிறார்கள். இலக்கத்தைக் கொடுப்பதற்கு முன் காசைப் பற்றிச் சில விடயங்களை எழுத வேண்டியிருக்கிறது.

மண்முனையில் பாலம் 2014 இல் திறக்கப்படும் வரை வாவியைக் கடப்பதற்கு அங்கே 'பாதை' என்று சொல்லும் மிதவைப் படகுதான் இருந்தது. அது அக்கரையிலிருந்து திரும்பி வரும் வரை வெயிலில் காத்து நின்றதை என் தாயார் வழியெல்லாம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். நாங்கள் போன வாரத்தில் நவகிரிக் குளத்து நீரில் விளைந்த சிறுபோக வேளாண்மை அறுவடைக்கு வந்திருந்தது. பிள்ளைகள் வரம்பில் நடக்கப் பழகினார்கள், வாய்க்காலில் குளித்தார்கள், அறுவடை இயந்திரம் நெல்லைக் கொட்டுவதை வாய் திறந்து பார்த்து நின்றார்கள். சூடடிக்கும் களமான களவெட்டியில் நெல்லை நெல் என்று சொல்லக் கூடாது, 'பொலி' என்றே சொல்ல வேண்டும் என்று தாயார் சொன்னதை மகள் பிடித்துக்கொண்டாள்; வீட்டுக்கு வந்த பிறகும் அரிசிச் சாக்கைப் பார்த்துப் பொலி என்கிறாள். விரால் மீன் குழம்பையும், குறிஞ்சா இலைச் சுண்டலையும், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிரையும் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன்.

இரண்டாம் நாள் அதிகாலை நான்கு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து குசினிக்குப் போனேன். அடுப்பங்கரையில், வெறும் பாயில், அந்த வீட்டுப் பெரியம்மா படுத்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். நாங்கள் படுத்திருந்த கட்டில் அவருடையது. அவருடைய மருமகள் அதற்குள் எழுந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அறுவடைக் காலத்தில் யானைக் காவலுக்காக வயல் குடிசையான வாடியிலேயே இரவைக் கழிக்கும் வீட்டுக்காரர், விருந்தாளிகளைத் தனியே விடக் கூடாது என்பதற்காக விறாந்தையில் படுத்திருந்தார். அவருக்குப் பதிலாக அவருடைய தம்பி யானை வெடிகளோடு வயலுக்குப் போயிருந்தார். தயிர்கூட அந்த வீட்டுப் பாலில் உறைந்தது இல்லை, எங்களுக்காக மாட்டுப் பட்டிக்காரரிடம் காசு கொடுத்து வாங்கியது என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

எங்களை அங்கே அனுப்பிய நண்பர், "காசு பற்றிப் பேசாதே, மனம் நோவார்கள், போகும்போது பிள்ளைகளின் கையில் ஏதாவது வைத்துவிட்டு வா" என்றே சொல்லியிருந்தார். நானும் இரண்டு பெட்டி பிஸ்கட்டோடும் ஒரு சேலையோடும் போயிருந்தேன். பாசிக்குடாவில் விடுதி எடுத்தால் அறைக்கு என்ன விலை, காலைச் சாப்பாடு உள்ளடக்கமா என்று கேட்டுவிட்டுத்தானே போகிறோம்? படுவான்கரைக்கு வந்தால் மட்டும் ஏன் நமக்கு நா எழுவதில்லை? விருந்தோம்பல் என்ற பெரிய சொல்லுக்குள் ஒரு பெண்ணின் நான்கு மணி அடுப்பையும், ஒரு முதியவரின் கட்டிலையும் நாம் இலவசமாக எடுத்துக்கொள்கிறோம் என்றே எனக்குப் படுகிறது. இதில் அவர்கள் பிழை ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்தவரிடம் அவர்களாக விலை சொல்ல மாட்டார்கள். கேட்க வேண்டியவர்கள் நாங்கள்.

அந்த வீட்டுக்குக் காசு தேவையில்லை என்று நினைத்துவிடவும் வேண்டாம். நெல் விற்ற காசு ஆண்டுக்கு இரண்டு தடவைதான் வருகிறது. உலர்த்திச் சேமிக்க வசதியும் இல்லை, கடன்காரருக்குத் தவணையும் சொல்லியாயிற்று என்ற நிலையில் பச்சை நெல்லாகவே வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் பசளைக்கும் எண்ணெய்க்கும் அடகுக்குப் போவது அந்த மருமகளின் நகைதான் என்பதை, என் மனைவியிடம் அவரே சொன்னார். தங்க வருபவர்கள் தரும் காசு, அதுவும் அவருடைய கையிலேயே தரும் காசு, அந்த இடைக்காலத்தில் எவ்வளவு பெரிய உதவியாக இருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

மூன்றாம் நாள் நான் பேச்சை எடுத்தபோது பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. "நம்மட வீட்டுல சாப்பிட்டதுக்குக் காசு வாங்கிற பழக்கம் இல்ல மகன்" என்றார். நான் அதற்கு மேல் பேசத் தயங்கினேன். மனைவிதான் மருமகளோடு குசினிக்குள் உட்கார்ந்து, மகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, மீன், தேங்காய், தயிர், விறகு, காவலுக்குப் போன தம்பியின் இரண்டு இரவுகள், இரண்டு பெண்களின் மூன்று நாள் வேலை என்று எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினார். ஆளுக்கு நாளொன்றுக்கு 3,500 ரூபாய் என்று வந்தது. அந்தத் தாளை மருமகள் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய வேலை ஒரு தாளில் இலக்கமாக எழுதப்பட்டதை அவர் இதற்கு முன் பார்த்திருக்கவில்லை.

ஆகவே, போக விரும்புகிறவர்கள் முதலில் மருமகளிடம் பேசுங்கள். குளத்தில் எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது விதைப்பது என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முன்கூட்டியே தீர்மானித்துவிடுவார்கள். அதைப் பார்த்து அவர் சொல்லும் திகதியில் போங்கள். பாயும் தலையணையும் கொண்டுபோய் விறாந்தையில் படுங்கள், பெரியம்மாவின் கட்டில் பெரியம்மாவுக்கே இருக்கட்டும். இருட்டிய பிறகு முற்றத்தைத் தாண்ட வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், யானை பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு உள்ளேயே இருங்கள்.

போன கிழமை மனைவியின் தோழி ஒருவர், பெரும்போக அறுவடை நேரத்தில் வரலாமா என்று கேட்டு மருமகளுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். வரலாம், ஆறு பேருக்கு மேல் வேண்டாம், ஆளுக்கு 4,000 ரூபாய், மீன் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று மருமகள் தானாகவே சொன்னாராம்.