உளமருத்துவம் படிப்பவர்களுக்கு ரிவியூ செய்யவும் பழக்குங்கள்

எம்டி முடித்து உளமருத்துவ விரிவுரையாளராகச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஏதாவதோர் ஆய்விதழின் ஆசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வரும்: இந்தக் கட்டுரையை மதிப்பிட்டுத் தர முடியுமா? நோயாளியின் கதை கேட்க ஆண்டுக்கணக்காகப் பழகிய பிள்ளைக்கு இந்த ரிவியூ வேலையை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இலங்கையின் கிழக்கு மாகாணமான எங்களுக்கு இது பெரிய குறை. போருக்கும் சுனாமிக்கும் பிறகு எங்கள் சனத்தின் மனநலம் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. நகரத்துக் கிளினிக்குக்கு வந்தவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு "மட்டக்களப்பு மாவட்டத்தில்" என்று முடிவு எழுதினால், வாவிக்கு மேற்கே கிடக்கும் படுவான்கரையை அறியாத ரிவியூவருக்கு அதில் குறை தெரியாது. வாவி கடந்து பஸ் பிடித்து வர வழியில்லாதவர், வேளாண்மை வெட்டு நேரம் வயலை விட்டு அசையாதவர், முதலில் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போனவர், இவர்களெல்லாம் அந்தக் கணக்கில் எங்கே? எங்கள் ஆட்கள்தான் இதைக் கேட்க வேண்டும்.

தனி நோயாளி பற்றிய கட்டுரை என்றால் எனக்கு இன்னும் பயம். பெயரை எடுத்தால் போதுமென்று நினைக்கிறார்கள். கல்முனைப் பக்கத்துக் கடலோர ஊர், வயது, தொழில், சுனாமியில் இழந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, இவ்வளவும் இருந்தால் அந்த ஊரில் எவருக்கும் ஆளைத் தெரிந்துவிடும். அதனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மனச்சோர்வு அறிகுறிகளைக் கேட்கும் வினாத்தாளான பிஎச்க்யூ-9இல் 10 புள்ளியும் அதற்கு மேலும் எடுத்த எல்லாரையும் மனச்சோர்வு நோயாளிகள் என்று எண்ணுவதையும் ரிவியூவர் கேள்வி கேட்காமல் விடக்கூடாது. அந்தப் புள்ளி, ஆளை இருத்திப் பேசிப் பார்க்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஒருநாள் பயிற்சிப் பட்டறையால் இது வராது. பிரித்தானிய மருத்துவ ஆய்விதழான பிஎம்ஜே நடத்திய ஆய்வொன்றில், கட்டுரைக்குள் வேண்டுமென்றே வைத்த 9 பெரிய பிழைகளில் ரிவியூவர்கள் கண்டுபிடித்தது சராசரியாக மூன்று அளவில்தான். குறுகிய பயிற்சியாலும் பெரிய மாற்றமில்லை. மூத்தவர் ஒருவரோடு கூடவிருந்து, கட்டுரை கட்டுரையாகச் செய்து பழக வேண்டும். அதை ஆய்விதழின் ஆசிரியருக்கு முன்கூட்டியே அறிவித்துச் சம்மதம் வாங்குவதும் அவசியம். இளையவர் எழுதியதை மூத்தவர் தன் பெயரில் அனுப்புவது அநியாயம்.

பிஎம்சி சைக்கியாட்ரி என்ற உளமருத்துவ ஆய்விதழின் பழைய கட்டுரைகள் பலவற்றுக்கு முதற்பிரதியும் ரிவியூவர் குறிப்புகளும் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. முதற்பிரதியை வாசித்து நாமாக ரிவியூ எழுதுவோம், பிறகு உண்மையான குறிப்புகளோடு ஒப்பிடுவோம். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பக்கம் பயிற்சியிலிருக்கும் தம்பி தங்கச்சிமார் மாதம் ஒரு பின்னேரம் ஒதுக்கினால் தொடங்கலாம். வரக்கூடியவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.