அரசுப் பேருந்தின் நட்டக் கணக்கில் யாருடைய செலவுகள் இருக்கின்றன?

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆம்னி பேருந்துக் கட்டணம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறும்போது "அரசு என்ன செய்துகொண்டிருக்கிறது" என்று கோபப்படும் அதே நண்பர்கள், போக்குவரத்துக் கழகங்களின் நட்டக் கணக்கு செய்தியாக வரும்போது "இவற்றைத் தனியாரிடம் கொடுத்துவிட்டால் என்ன" என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் முதல் கேள்விக்கான பதிலாக அரசு செய்யும் வேலையின் செலவுதான் இரண்டாவது கேள்வியில் வரும் நட்டத்தின் ஒரு பெரும்பகுதி என்பதை ஏனோ யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அரசு நடத்தும் ஒரு சேவை தனியார் நிறுவனங்களோடு நேர்மையாகப் போட்டியிட முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே என் எண்ணம். ஆனால் தமிழ்நாட்டின் சாலைகளில் இன்று நடப்பதைப் போட்டி என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. விளையாடுகிறவரே விசிலும் ஊதும் ஆட்டம் இது. வேடிக்கை என்னவென்றால், அந்த விசில் பாதி நேரம் ஊதுகிறவரின் சொந்த அணிக்கு எதிராகவே ஒலிக்கிறது.

பின்னணி பலருக்கும் தெரிந்ததே. 1972 முதல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று மண்டலத்துக்கொரு பெயரோடு தொடங்கப்பட்ட கழகங்கள், 1997-இல் அந்தப் பெயர்களை இழந்து, இன்று எட்டுக் கழகங்களாக ஏறத்தாழ 20,000 பேருந்துகளை இயக்குகின்றன. இவற்றோடு ஒரே சாலையில் ஓடும் தனியார் இரண்டு வகையினர். முதல் வகை, நிறுத்தம்தோறும் ஆள் ஏற்றி இறக்கும், வழித்தட அனுமதி பெற்ற தனியார் பேருந்துகள். இரண்டாவது வகை, இரவில் நெடுந்தூரம் ஓடும் ஆம்னி பேருந்துகள். இந்த இரண்டு வகையினரோடும் கழகங்களுக்கு இருக்கும் போட்டி வெவ்வேறானது என்பதால், இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பேசும்போது விவாதம் எங்கும் நகர்வதில்லை.

முதல் வகையில் கட்டணம் இரு தரப்புக்கும் ஒன்றே. அதை நிர்ணயிப்பது அரசு. 2011 நவம்பரில் கிலோமீட்டருக்கு 42 பைசாவாக உயர்த்தப்பட்ட சாதாரணப் புறநகர்ப் பேருந்துக் கட்டணம், அதன்பின் ஆறு ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் இருந்து, 2018 ஜனவரியில் ஒரே தாவலாக 60 பைசாவுக்குப் போய், மாணவர் போராட்டங்களுக்குப் பிறகு அந்த மாதமே 58 பைசாவாகக் குறைக்கப்பட்டது. அதன் பிறகு பல ஆண்டுகளாகக் கட்டணம் அப்படியே நிற்க, அன்று சென்னையில் லிட்டர் 65 ரூபாயை ஒட்டி இருந்த டீசல் 92 ரூபாயைத் தாண்டிவிட்டது. தான் விற்கும் பொருளின் விலையைத் தானே நிர்ணயிக்க முடியாத நிறுவனம் நட்டமடைந்தால் அதை நிர்வாகத் திறமையின்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. விலையை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்த்தாமல் தேர்தல்களுக்கு நடுவே ஒரு வசதியான மாதம் பார்த்து உயர்த்தும் பழக்கம், எந்தக் கட்சி ஆண்டாலும் மாறியதில்லை.

"அதே 58 பைசாவில் தனியார் பேருந்து மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?" என்ற கேள்வி உடனே வரும், அது தவிர்க்கக் கூடாத கேள்வி. தனியார் முதலாளி தன் கையிலிருக்கும் சில பேருந்துகளைக் கோயம்புத்தூர்–பொள்ளாச்சி போன்ற, எந்நேரமும் ஆள் நிறையும் தடங்களில் ஓட்டுகிறார். அரசுப் பேருந்துக்குச் சில நிமிடங்கள் முன்னால் கிளம்பும்படி நேர அட்டவணை அமைந்துவிட்டால் பாதி வெற்றி அங்கேயே கிடைத்துவிடுகிறது. பேருந்து நிலையங்களில் 'டைமிங்' தகராறு இத்தனை உக்கிரமாக நடப்பது அதனால்தான். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் வசூலைப் பொறுத்துப் பேட்டா என்பதால், கைகாட்டிய இடத்தில் வண்டி நிற்கிறது. சம்பளம் குறைவு, ஓய்வூதியச் சுமை இல்லை, பழுதான உதிரி பாகத்தை மாலையே வாங்கி மாட்ட யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. இவற்றுள் சில உண்மையான திறமை. சில, தொழிலாளியின் முதுகில் ஏறி நிற்கும் சிக்கனம். மீதி, நல்ல தடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் சுதந்திரம். இந்த மூன்றையும் பிரிக்காமல் மொத்தமாகத் 'தனியார் திறமை' என்று பாராட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஏனென்றால் அந்தச் சுதந்திரத்தின் மறுபக்கத்தைக் கழகங்கள் சுமக்கின்றன. இரவு கடைசி நடையாக ஒரு சிற்றூருக்குப் போய், அங்கேயே தங்கி, விடியற்காலையில் காய்கறி மூட்டைகளோடும் மருத்துவமனைக்குப் போகிறவர்களோடும் திரும்பும் பேருந்தை வணிகக் கணக்கில் யாரும் ஓட்ட மாட்டார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் வண்டியின் டயர் தேய்மானத்தையும் டீசலையும் சமவெளி வண்டியின் செலவோடு ஒப்பிட முடியாது. ஆனால் நட்டக் கணக்கில் இரண்டும் ஒரே வரிசையில்தான் வருகின்றன. மாணவர்களுக்கான இலவசப் பயண அட்டை இருக்கிறது. பண்டிகைச் சிறப்புப் பேருந்துகள் சென்னையிலிருந்து நிரம்பி வழிந்து போய், ஏறக்குறைய காலியாகத் திரும்புகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் மாநகரப் பேருந்துகள் சில நாட்கள் கட்டணமில்லாமல் ஓடின. அந்த நாட்களில் அவை ஓடியிருக்க வேண்டாம் என்று இன்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த நாட்களின் டீசலுக்கும் சம்பளத்துக்கும் உரிய செலவு எந்தத் துறையின் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்று கேட்டவர்களும் குறைவு.

டீசல் பற்றிய ஒரு பழைய நிகழ்வை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 2013 ஜனவரியில் மத்திய அரசு, மொத்தமாக டீசல் வாங்குவோருக்கான மானியத்தை நீக்கியது. சாலையோரப் பெட்ரோல் பங்குகளில் சில்லறையாக வாங்குவோருக்கு மானிய விலை தொடர்ந்தது. விளைவு, எண்ணெய் நிறுவனங்களின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்றான அரசுப் போக்குவரத்துக் கழகம் லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கும் மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் ஓடும் தனியார் பேருந்துக்குப் பழைய விலை. நிறைய வாங்கினால் விலை குறையும் என்ற சந்தை நியதியே இங்கே தலைகீழானது. கடைசியில் பணிமனைகளில் சொந்த டீசல் பங்குகளை வைத்துக்கொண்டே, அரசுப் பேருந்துகள் வெளிப் பங்குகளில் வரிசையில் நின்று டீசல் நிரப்பின. 2022 மார்ச்சில் மொத்த விலை மீண்டும் ஒரே வீச்சில் 25 ரூபாய் அளவுக்கு உயர்த்தப்பட்டபோது, நாட்டின் பல மாநிலக் கழகங்களுக்கு இதே சிக்கல் திரும்ப வந்தது. அரசு நிறுவனத்துக்கு எப்போதும் அரசின் சலுகை உண்டு என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளின் செய்திகளைப் புரட்டிப் பார்க்கலாம்.

இனி மறுபக்கம். இதையும் அதே கண்டிப்போடு சொல்லியாக வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் ஆறாவது அத்தியாயம், மாநில அரசு ஒரு திட்டம் வகுத்து ஒரு தடத்திலிருந்து தனியாரை முழுதாகவோ பகுதியாகவோ விலக்கிவைக்க இடம் தருகிறது. தடத்தைத் தருவதும், நேரத்தைத் தருவதும், கட்டணத்தைச் சொல்வதும், போட்டியில் ஓடுவதும் ஒரே அரசு. இதனால் உண்டாகும் அநீதிக்குத் தெளிவான எடுத்துக்காட்டு, 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம். அந்தத் திட்டத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்களின் கையில் மாதந்தோறும் மிஞ்சும் பணத்துக்கு ஈடான வேறு திட்டத்தை நான் அறியேன். 2025–26 நிதிநிலை அறிக்கையில் இதற்காக 3,600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அந்தத் தொகை கழகங்களுக்குப் போகிறது. அதே தடத்தில் நகரப் பேருந்து ஓட்டும் சிறு முதலாளிக்கோ, தன் பெண் பயணிகளைக் கட்டணமில்லாத போட்டியாளரிடம் இழந்ததற்கு ஈடு எதுவும் இல்லை. ஒரு பயணத்துக்கு இத்தனை ரூபாய் என்று அரசு தருமானால், அந்தப் பயணியை ஏற்றிச் சென்றது யார் என்பது எதற்கு முக்கியமாக வேண்டும்? குறைந்தது, அரசுப் பேருந்து மணிக்கொரு முறைகூட வராத தடங்களிலாவது இந்தத் திட்டத்தைத் தனியார் பேருந்துக்கும் விரிக்கலாம். கழகங்களின் நண்பர்கள் சிலருக்கு இந்த யோசனை பிடிக்காது என்று தெரியும்.

சட்டத்தின் நோக்கும் இந்தத் திசையில்தான் நகர்கிறது. பொதுத்துறை நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவின் வழக்கில் 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம், பொதுத்துறை நிறுவனம் என்பதாலேயே போட்டிச் சட்டத்திலிருந்து யாரும் விலகி நிற்க முடியாது என்று தெளிவாக்கியது. பொது நோக்கம் ஒரு நிறுவனத்துக்கு இருக்கலாம். அந்த நோக்கம் சந்தையில் எப்படி வேண்டுமானாலும் நடந்துகொள்வதற்கான உரிமம் ஆகாது.

ஆம்னி பேருந்துகளின் கதை வேறு. சட்டப்படி அவை ஒப்பந்த ஊர்திகள்: ஒரு குழுவை ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்க வேண்டியவை. நடைமுறையில் தனித்தனியாக இருக்கை விற்று, ஊர் ஊராக நின்று, அன்றாடச் சேவையாகவே ஓடுகின்றன. கட்டணத்தைத் தேவைக்கேற்ப நாளொரு விதமாக வைத்துக்கொள்கின்றன. வரியைக் குறைப்பதற்காக நாகாலாந்திலும் அருணாசலப் பிரதேசத்திலும் பதிவு செய்துகொண்டு, அந்த மாநிலங்களின் சாலையையே பார்க்காமல் சென்னைக்கும் தென்மாவட்டங்களுக்கும் இடையில் ஓடிய வண்டிகள் மீது தமிழக அரசு 2024 ஜூனில் நடவடிக்கை எடுத்தது. இந்தப் பேருந்துகளை வெறுக்க எனக்குக் காரணம் ஏதுமில்லை. படுக்கை வசதி, இணையவழி முன்பதிவு, வண்டி எங்கே வருகிறது என்று கைப்பேசியில் பார்க்கும் வசதி ஆகியவற்றைத் தமிழ்நாட்டுப் பயணிக்குப் பழக்கியதில் இவர்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் பண்டிகை இரவில் அரசு விரைவுப் பேருந்து அதே பழைய கட்டணத்தில் ஓடுவதால்தான், ஆம்னி கட்டணம் மூன்று மடங்கோடு நிற்கிறது என்று நான் நினைக்கிறேன். அரசுப் பேருந்தில் ஒருபோதும் ஏறாதவருக்கும் அந்தப் பேருந்து இருப்பதால் கிடைக்கும் பயன் இது. எந்த ஆண்டறிக்கையிலும் இது வருவாயாகக் காட்டப்படுவதில்லை.

இவ்வளவு சொன்னதால் கழகங்களின் எல்லாக் குறைகளுக்கும் அரசியல்வாதிகளையும் டீசலையும் மட்டும் காரணம் காட்டுவதாக எண்ண வேண்டாம். நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் கூட்டமாக நின்றால் சற்றுத் தள்ளிப் போய் நிறுத்துவதும், 'ஓசி' என்று நக்கலடிப்பதும் எந்தச் சுமையாலும் நியாயப்படுத்தக் கூடியவை அல்ல. மழை பெய்தால் கூரை ஒழுகும் பேருந்தைப் பணிமனையிலிருந்து வெளியே அனுப்பியவருக்கும் கட்டண நிர்ணயத்துக்கும் தொடர்பில்லை. அதைவிடப் பெரிய பிழை, சொந்தத் தொழிலாளியிடமே கடன் வாங்கியது. 2018 ஜனவரியில் ஒரு வாரம் பேருந்துகள் நின்றபோது, தங்கள் சம்பளத்தில் பிடித்தம் செய்த பணத்தை உரிய இடத்தில் கட்டாமல் அன்றாடச் செலவுக்கு எடுத்துக்கொண்டதாகத் தொழிற்சங்கங்கள் குற்றஞ்சாட்டின. 2024 ஜனவரி வேலைநிறுத்தத்திலும், ஓய்வுபெற்றவர்களுக்குப் பல ஆண்டுகளாக நிறுத்தி வைக்கப்பட்ட அகவிலைப்படி முக்கியக் கோரிக்கையாக இருந்தது. கட்டணத்தையும் உயர்த்தாமல், மானியத்தையும் முழுதாகத் தராமல் இருந்தால் பணம் வேறு எங்கிருந்தோ வந்தாக வேண்டும். முப்பது ஆண்டு வண்டி ஓட்டியவரின் பணிக்கொடையிலிருந்து வந்தது.

பிரிட்டன் இந்தக் கேள்வியை வேறு விதமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1985-இல் இயற்றிய சட்டத்தின்படி, அடுத்த ஆண்டு முதல் லண்டனுக்கு வெளியே பேருந்துத் தொழில் முழுப் போட்டிக்குத் திறந்துவிடப்பட்டது. லண்டனில் மட்டும் தடமும் கட்டணமும் நகர நிர்வாகத்திடமே இருக்க, வண்டிகளை ஒப்பந்தத்தின்பேரில் தனியார் ஓட்டினார்கள். மான்செஸ்டர் பெருநகரம் 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் லண்டன் முறைக்குத் திரும்பிவிட்டது. சாலையில் ஒருவரையொருவர் முந்தும் போட்டியைவிட, ஒப்பந்தத்தை வெல்வதற்கான போட்டி பயணிக்கு நல்லது என்பது அந்த நகரம் எடுத்த முடிவு.

சென்னையிலும் இதன் ஒரு வடிவம் வந்துவிட்டது. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கிய 120 மின்சாரப் பேருந்துகள் மொத்தச் செலவு ஒப்பந்த முறையில் இயங்குகின்றன: வண்டியும் ஓட்டுநரும் பராமரிப்பும் தனியாருடையவை, நடத்துநரும் தடமும் கட்டணமும் மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையவை. இதைத் தனியார்மயம் என்று எதிர்க்கிறவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. பணிமனைகள் ஒவ்வொன்றாகக் கைமாறிவிடும் என்ற கவலை வீண் கவலையும் அல்ல. ஆனால் இந்த முறையில் என் கண்ணில் படுவது வேறொன்று. ஓடிய கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று தனியார் நிறுவனத்துக்கு எழுத்தில் உறுதி தரப்படுகிறது. பெண்கள் கட்டணமின்றிப் பயணித்தாலும், பேருந்து காலியாக ஓடினாலும், டிக்கெட் விலை உயராவிட்டாலும் அந்தத் தொகை குறையாது. ஒப்பந்தப்படி ஓடாவிட்டால் பொறுப்பு அவர்களுடையது.

இப்படி ஓர் எழுத்து உறுதியை அரசு தன் சொந்தக் கழகத்துக்கு ஏன் தரக்கூடாது? தங்கல் பேருந்துக்கும் மலைத்தடத்துக்கும் மாணவர் அட்டைக்கும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே கையெழுத்திட்டு, மாதந்தோறும் தேதி தவறாமல் கொடுத்துவிட்டு, அதன்பின் நின்றுபோன நடைக்கும் ஒழுகும் கூரைக்கும் பணிமனை மேலாளரிடம் கணக்குக் கேட்கட்டும். கட்டணத்தையும் தட அனுமதியையும் போக்குவரத்துத் துறையிடமிருந்து பிரித்து, கழகத்துக்கும் தனியாருக்கும் பொதுவான ஓர் ஒழுங்குமுறை ஆணையத்திடம் கொடுக்கட்டும். மின்சாரத்துக்கு அப்படி ஓர் ஆணையம் இந்த மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கிறது. வியாசர்பாடியில் தனியார் ஓட்டும் மின்சாரப் பேருந்துக்கும் கழகமே ஓட்டும் பேருந்துக்கும் கிலோமீட்டருக்கு ஆகும் செலவை, கடமைகளுக்கு உரிய தொகையைக் கழித்துவிட்டு, ஒரே படிவத்தில் ஆண்டுதோறும் வெளியிட்டால் போதும். யார் திறமையாக நடத்துகிறார்கள் என்ற வாக்குவாதத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.