ஒடிஸியூஸ் கோட்டோவியம் பண்டைய கிரேக்கர் வரைந்ததல்ல

ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸுக்கு கிரேக்கக் காப்பிய நாயகன் ஒடிஸியூஸ் மதுக்கிண்ணம் நீட்டும் கோட்டோவியம் ஒன்று, 2,500 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கர்கள் மையால் தாளில் தீட்டியது என்ற குறிப்புடன் பகிரப்பட்டு வருகிறது. இது தவறு. ஆங்கிலேயச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன், 1787 முதல் 1794 வரை ரோமில் தங்கியிருந்தபோது, கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட், ஒடிஸி ஆகிய இரு காப்பியங்களுக்காகவும் பேனாவாலும் மையாலும் வரைந்த ஓவியத் தொடரைச் சேர்ந்தது அது. இத்தாலியச் செதுக்குக் கலைஞர் தொம்மாசோ பிரோலி அவற்றைச் செப்புத் தகடுகளில் செதுக்க, 1793இல் அவை அச்சாகின.

பார்ப்பவர் மயங்குவதில் வியப்பில்லை. வெட்ஜ்வுட் பீங்கான் நிறுவனத்துக்கு உருவங்கள் வடித்துக் கொடுத்து வந்த ஃபிளாக்ஸ்மன், கிரேக்கக் குடுவை ஓவியங்களை ஊன்றிக் கற்றவர். நிழலும் பின்னணியும் ஏறத்தாழ இல்லாமல், வெறும் புறக்கோட்டாலேயே உருவங்களை நிறுத்தும் அந்த முறையை அவர் வேண்டுமென்றே கையாண்டார் (அதில் அவர் பெற்ற வெற்றியே இக்குழப்பத்துக்கு வித்து என்றும் சொல்லலாம்). ஆனால் அக்குடுவைகளில் கிரேக்கர் பயன்படுத்தியது சுட்டால் கருக்கும் களிமண் குழம்பு. எழுதுவதற்கோ அவர்களிடம் பாப்பிரஸ் (நாணல் போன்ற செடியின் தண்டிலிருந்து செய்த ஏடு) இருந்தது. காகிதம் ஐரோப்பாவை எட்டியது இடைக்காலத்தில்தான் என்பதால், தாளில் தீட்டியதாகச் சொல்லும் குறிப்பு தன்னைத்தானே மறுத்துவிடுகிறது.