ஏரிக்கரைக்கு யார் பூட்டுப் போடலாம்?

"ஏரியை ஒட்டிய மனை நம்முடையது, கரையைப் பராமரிப்பதும் நாமே. வெளியாட்கள் நடக்கத் தடை போடச் சங்கத்துக்கு உரிமை உண்டு." குடியிருப்பு வாட்ஸப் குழுக்களில் சுற்றும் தகவல் இது. தவறு.

மனைப் பத்திரம் உங்கள் எல்லைக் கல்லோடு முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் ஏரிகள் பெரும்பாலும் நீர்நிலைப் புறம்போக்கு, அதாவது அரசு நிலம். சந்தேகமா? பக்கத்து சர்வே எண்ணுக்கு 'அ' பதிவேட்டை (நிலம் எந்த வகை என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) இணையத்தில் எடுத்துப் பாருங்கள். அங்கே 'ஏரி' என்று இருந்தால், மாதாமாதம் கரையில் புல் வெட்டினாலும் அது உங்களுடையதாகாது. நீங்கள் செய்தது நல்ல காரியம், அவ்வளவுதான். கரையில் கேட் போட்டால் அதுவே ஆக்கிரமிப்பு. நீர்வளத் துறை ஏரிகளை அளந்து, நோட்டீஸ் கொடுத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

சரி, கரைக்குப் போகும் தெரு? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அனுமதி பெற்ற மனைப்பிரிவில் சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவென்றால், சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியும் அப்படியே. ஒப்படைத்த தெருவில் செக்யூரிட்டியை நிறுத்தி "எந்த வீடு?" என்று கேட்டு ஆளைத் திருப்பி அனுப்ப முடியாது.

தகவலில் துளி உண்மையும் உண்டு. செம்பரம்பாக்கம் போன்ற குடிநீர் ஏரிகளில் பாதுகாப்புக்காக அரசே ஆட்களைத் தடுக்கலாம். சில இடங்களில் ஏரியோரம் பட்டா நிலமாகவும் இருக்கும். அதற்குள் நுழைய உரிமையாளர் சம்மதம் தேவை. ஆனால் அந்த உரிமையாளர் உங்கள் சங்கமா என்பதைப் பட்டாதான் சொல்ல வேண்டும், வாட்ஸப் அல்ல.