சத்தம் போட்டு அழுகிற ஆல்பம்

சோகம் என்றால் ஷெனாய் அழ வேண்டும், வயலின் இழுக்க வேண்டும் என்று சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. அதனால்தான் நைன் இன்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' ஆல்பத்தைப் போட்டுக் கொடுத்தால், பாதிப் பாட்டிலேயே ஹெட்போனைக் கழற்றி, "என்னப்பா இது, லேத் பட்டறை மாதிரி?" என்கிறார்கள்.

புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ ஒரு சாவு ஊர்வலத்தின் பின்னால் நடந்தவர்கள் அப்படிச் சொல்லக் கூடாது. மேளம் காதைக் கிழிக்கும், வெடி வெடிக்கும், ராத்திரி முழுக்க மரண கானா. அங்கே துக்கமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? கத்தி அழுவது இந்த ஊருக்குப் புதுசா என்ன!

1994இல் வந்த ஆல்பம் இது. குழுவின் பாடகரும் தலைவருமான ட்ரெண்ட் ரெஸ்னர் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வீட்டையே ஸ்டுடியோவாக்கிப் பதிவு செய்தார். ஒரு மனிதன் தன்னைத் தானே அழித்துக்கொள்வதுதான் 14 பாட்டுக்கும் கதை. முதல் பாட்டே ஆளை அடிக்கிற சத்தத்தோடுதான் தொடங்கும். அப்புறம் மெஷின்கள் அலறும். நடுவில் சட்டென்று எல்லாம் அடங்கி, குரல் மட்டும் கிசுகிசுக்கும். எனக்கு வயிற்றைப் பிசைவது அந்த இடம்தான், அலறல் இல்லை.

'க்ளோசர்' பாட்டை வைத்து உலகமே ஆடியது, சரி. அது முடியும்போது பியானோவில் ஒரு மெட்டு கீழே இறங்கி வரும், கவனித்திருக்கிறீர்களா? அதே மெட்டு 13ஆவது பாட்டில், அவன் கதையே முடிகிற இடத்தில் திரும்ப வருகிறது. ஆடிக்கொண்டிருந்தபோதே நமக்குச் சொல்லியாகிவிட்டது!

ஆல்பத்திலேயே முரட்டுத்தனமான ஒன்பதாவது பாட்டு முடிந்ததும் 'எ வார்ம் ப்ளேஸ்'. வார்த்தையே கிடையாது. மூன்றரை நிமிஷத்துக்கும் குறைவு. இதைத் தனியாகக் கேட்டால் சுமாரான பின்னணி இசை என்று தாண்டிப் போய்விடுவோம். அந்த வெறிக்குப் பின்னால் கேட்டால்தான் நெஞ்சு அடைக்கிறது.

கடைசிப் பாட்டு 'ஹர்ட்' பற்றிப் பேச்சு வந்தாலே, அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் அதையே 2002இல் பாடியதுதான் உசத்தி என்று ஒரு கோஷ்டி வரும். அது அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் கேஷ் பாடுவது வாழ்ந்து முடித்த ஒரு பெரியவரின் பாட்டு. ரெஸ்னருடையது இன்னும் வாழவே ஆரம்பிக்காதவனின் பாட்டு. பதின்மூன்று பாட்டாக மெஷினுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவன் வெறும் குரலோடு வெளியே வருகிறான், அதுவும் தொண்டை அடைத்துக்கொண்டு. அந்த வித்தியாசம் எனக்குப் பெரியது. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

தயவுசெய்து ஷஃபிளில் மட்டும் போடாதீர்கள். மொத்தமே 65 நிமிஷம். சென்ட்ரலில் திருவள்ளூர் லோக்கல் ஏறி உட்கார்ந்தால் இறங்குவதற்குள் முடிந்துவிடும்.