எங்கே காயப்போடுவது?

அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்தேன். "ரெண்டு நாள் வீட்டுலயே நல்லா காயவச்சு எடுத்துட்டு வரலாமே, என்ன அவசரம்?" அரசு நெல் கொள்முதல் நிலைய வாசலில் நின்று, நெல்லோடு காத்துக்கிடக்கும் எங்களைப் பார்த்து அந்த அரசியல்வாதி கேட்கிறார். பின்னால் ஒருவர் அவருக்குக் குடை பிடித்திருக்கிறார். மழை தூறுகிறது.

எங்கே காயப்போடுவது?

எங்கள் வீடு கோட்டூர் பக்கம். திண்ணையோடு சேர்த்து மூன்று அறை. ஒன்றேகால் ஏக்கர் குறுவை நெல்லில் எழுபது சிப்பம் (மூட்டை) கண்டது. சிப்பத்துக்கு 40 கிலோ. அதை எந்த அறையில் கொட்டுவது? ரோட்டில் கொட்டினால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று திட்டுகிறீர்கள், சரி. வேறு எங்கே காயப்போடுவது?

மேட்டூர் அணை ஜூன் 12 திறந்து, விதை விட்டு, நட்டு, அறுப்புக்கு வரும்போது புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்துவிடும். ஐப்பசி அடைமழை என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். தெரிந்தேதான் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு காவல் கிடக்கிறோம்.

சில பேர் ஈரத்தோடேயே கொண்டுவந்து கொட்டுவது உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் காய்ந்த நெல்லோடு வந்தவனும் அங்கேதானே கிடக்கிறான்? முதலில் சாக்கு இல்லை என்றார்கள். சாக்கு வந்ததும், எடை போட்ட மூட்டையை ஏற்ற லாரி வரவில்லை என்றார்கள். பதினோரு நாள். குவிண்டாலுக்கு சன்ன ரகம் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய் என்று 2025-26 பருவத்து விலையை மேடையில் சொன்னார்கள். வாங்கினால்தானே அது விலை?

"அவராவது நேரில் வந்தார்" என்று கமெண்டில் வருவீர்கள். வந்தார். குவியலில் கை வைத்துப் பார்த்தாரா? வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள்.

"பணம் இருப்பது குற்றமா?" இல்லை. வேட்புமனுவில் அவர் காட்டிய கோடிகள் அவருடையவை. எனக்குப் பொறுக்காதது வேறு. தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதியிருக்கிறாரே, அது. எழுதிய கைக்கு நெல் சூடு ஏறுவது தெரிய வேண்டாமா?

இது இன்று நேற்று வந்ததில்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், அவர்கள் சம்பவ இடத்துக்கு நடந்து போயிருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்றது உயர் நீதிமன்றம். விடுதலையானார்கள். இதையும் அதையும் ஒன்றாக்காதே என்பீர்கள். ஒன்றாக்கவில்லை. கார் வைத்திருப்பவர் சொன்னால் நியாயம், சேற்றில் நிற்பவன் சொன்னால் அவசரம் என்பது இந்த மண்ணில் எவ்வளவு பழசு என்று சொல்கிறேன். என் தாத்தாவும் கூலிக்கு நின்றவர். எனக்கு மறக்காது.

ஒன்பதாம் நாள் ராத்திரி அம்மா தார்ப்பாயை விலக்கிக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டார். "உள்ள சூடு ஏறிடுச்சு தம்பி" என்றார். புளித்த வாடை. கையை எடுத்தபோது விரல் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை. நான் டார்ச் பிடித்தேன். அம்மா முளைத்த நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட ஆரம்பித்தார். எழுபது சிப்பம். வேண்டாம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.